வலது கைக்கு வேலை இல்லை

ஆர்வின் ஹௌகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பால் லாரி ஓட்டுகிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது வாயைக் கிளறினால், "பசு ஞாயித்துக்கிழமையும் பால் குடுக்குது, எனக்கு எங்க நேரம்?" என்பான். மேற்கு விஸ்கான்சின் குன்றுகளில் அவன் பால் எடுக்கிற பண்ணைகள் இருபத்தாறு. அங்கே பாதிப் பேர் அந்தப் பதிலை நம்பினார்கள். மீதிப் பேருக்குக் கொரினைத் தெரியும்.

கொரின் அவன் அண்ணன் லீலண்டின் காதலி. லீலண்ட் வியட்நாமில் செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அவள் ஆரெகனுக்குப் போய், ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தாள். போன வருஷம் அந்த டாக்டரையும் அடக்கம் செய்தாள். இத்தனை காலமும் ஆர்வின் அவளுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பிக்கொண்டிருந்தான். பனி எத்தனை அடி பெய்தது, யார் பண்ணையை விற்றார்கள், யாருக்கு முட்டி ஆபரேஷன் என்று வரி வரியாக எழுதுவான். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு வருஷமும் எழுதவில்லை.

இந்த ஏப்ரலில், வாழ்த்து அட்டைக்குப் பருவமே இல்லாத நேரத்தில், ஒன்று எழுதிப் போட்டான். "லீலண்டின் வண்டி என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது. ஜூனில் வந்து பார்க்கிறாயா?"

வருகிறேன் என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத் தோழிகள் ஒன்றுகூடுகிற வாரமாம். சனிக்கிழமை பத்து மணிக்குச் சந்தை மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டு, மதியம் மகளோடு விமானத்துக்குக் கிளம்பிவிடுவாளாம்.

அந்தக் கடிதத்தை லாரியின் வெயில் மறைப்புக்குள் செருகி வைத்து இரண்டு மாதமாகத் தினமும் எடுத்துப் படித்தான் ஆர்வின். அவன் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் வண்டியைப் பார்த்து முகம் மலர வேண்டும். அப்புறம், முடிந்தால், ஒரே ஒரு தடவை பின்னால் ஏறி அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பதினைந்து வயதில் பிறந்த ஆசை. வயதுதான் ஏறியது, ஆசை இருந்த இடத்திலேயே இருந்தது.

வண்டி நாற்பத்தெட்டாம் வருஷத்து இந்தியன் சீஃப் மோட்டார் சைக்கிள். ரத்தச் சிவப்பு. இரண்டு சக்கரத்துக்கும் பாவாடை கட்டியது போலத் தொங்குகிற மட்கார்டுகள். முன் மட்கார்டின் உச்சியில் இறகுக் கிரீடம் சூடிய ஒரு தலை, அதற்குள் குட்டி விளக்கு. மாசசூசெட்ஸில் அதைச் செய்த தொழிற்சாலை ஐம்பத்து மூன்றிலேயே கதவைச் சாத்திவிட்டது. ஹார்லி வண்டி செய்கிற மில்வாக்கி இருக்கிற மாநிலத்தில் பிறந்துவிட்டு ஹார்லியைத் தவிர வேறொன்றை ஓட்டுவது குடும்பத்துக்கே தலைகுனிவு. லீலண்ட் அதைப் பழைய வண்டியாக வாங்கிக்கொண்டு வந்த நாளில் அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. லீலண்டின் சவப்பெட்டி வந்த மாதமே, கண்ணில் படக் கூடாது என்று, அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவரும் அவர்தான்.

இன்ஜின் நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஆர்வின் முப்பது வருஷம் தேடினான். கடைசியில் நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கொட்டகையில் கிடைத்தது. சீட்டின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து ஒன்பது குளிர்காலம் அதோடு குடித்தனம் நடத்தினான்.

இந்தப் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. தொழிற்சாலைக் கதவைத் தாண்டி வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ, அணு பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். வருஷா வருஷம் சந்தை மைதானத்தில் கூடுகிற கூட்டத்தில் மார்க் போடுகிறவர்கள் அட்டையும் பென்சிலுமாகக் குனிந்து ஒவ்வொரு திருகின் தலையையும் பார்ப்பார்கள். மங்கலாக இருந்தாலும் மார்க் குறையும், அளவுக்கு மீறிப் பளபளத்தாலும் குறையும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வந்தால் பட்டயம். போன வருஷம் ஆர்வினுக்குத் தொண்ணூற்று நாலு. முன் மட்கார்டில் ஒரு பழைய ஒடுக்கை அவன் நிரவிய இடத்தில் லேசாக அலை தெரிகிறது என்று ஒரு மார்க்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்தக் குளிர்காலம் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, பதினொரு சாயங்காலம் குட்டிச் சுத்தியலால் தட்டித் தட்டி, அந்த ஒடுக்கு இருந்த சுவடே இல்லாமல் செய்துவிட்டான்.

சனிக்கிழமை காலை புல்லில் ஈரம் காயவில்லை. ஆர்வின் மண்டி போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சக்கரக் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, வாய் கொப்புளிக்கத் தண்ணி கொண்டாரட்டுமா அதுக்கு?" என்றான் டெல்மார் ப்ளாஹா. ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதன், அப்பன் காலத்து ஹார்லிக்காரன். மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பையிலிருந்து அன்று காலை திரட்டிய சீஸ் கட்டிகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீ பேசாமத் தின்னு. அந்தக் கையோட டேங்க்கைத் தொட்டே, வெட்டிருவேன்."

"எங்க வண்டிய யாரு வேணா தொடலாம். எண்ணெயும் ஒழுகும். அது மனுஷன் ஓட்டற வண்டி. உன்னுது பீரோல வெக்கிற பொம்மை."

"ஒழுகறதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியற ஒரே ஜாதி நீங்கதான்டா."

டெல்மார் சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவ வர்றாளா?" என்றான்.

"எவ?"

"எவளாம்! புதுச் சட்டை. அட்டையிலேர்ந்து உருவின மடிப்பு நெஞ்சுல கோடு கோடாத் தெரியுது. என் பொண்டாட்டிகிட்டக் குடுத்திருந்தா தேச்சாவது குடுத்திருப்பா."

ஆர்வின் குனிந்து சட்டையைப் பார்த்தான். கோடுகள் இருக்கத்தான் செய்தன. உள்ளங்கையை ஈரப்படுத்தி நீவிப் பார்த்தான். அசையவில்லை.

பத்தடித்து ஐந்து நிமிஷத்துக்கு அவள் வந்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நீலக் கான்வாஸ் செருப்பு, மேலே ஒரு ஸ்வெட்டர். நடை மட்டும் மாறவில்லை. எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறவளைப் போன்ற அதே வேக நடை.

"பொடியா!" என்றாள் தூரத்திலிருந்தே.

நாற்பது வருஷமாக யாரும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை. அவளும் லீலண்டும் வைத்த பெயர். அப்போதே அது அவனுக்குப் பிடிக்காது. இப்போது அதைக் கேட்டுக் கண் கலங்கியது.

"நல்லா இருக்கியா கொரின்?"

"இருக்கேன். நீ என்ன, எலும்பும் தோலுமா? அவ்வளவு பாலும் எங்க போகுது?" என்று கன்னத்தோடு கன்னம் வைத்து விலகினாள். அப்புறம் வண்டியைப் பார்த்தாள்.

சுற்றி வந்தாள். ஒரு தடவை, இரண்டாம் தடவை. ஆர்வின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் புன்னகை செய்தாள். "அழகா இருக்கு," என்றாள். புதிதாகக் குடிவந்த வீட்டுக்காரியின் ஜன்னல் திரையைப் பார்த்துச் சொல்கிற குரல் அது.

பிறகு முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மட்கார்டின் வளைவில் விரல்களை ஓட்டினாள். மேலிருந்து கீழே, திரும்ப மேலே. எதையோ தேடுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"இங்க ஒரு ஒடுக்கு இருக்கணுமே?"

"இருந்துச்சு! எடுத்துட்டேன்." ஆர்வினுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பதினொரு நாள் உட்கார்ந்து தட்டினேன். கையால தடவினாக்கூடத் தெரியாது, பாரு."

"தெரியலதான்," என்று கையை எடுத்துக்கொண்டாள்.

எழுந்திருக்காமலே சொன்னாள். "அது எங்க வீட்டுத் தபால் பெட்டி, பொடியா. அவன் முதல் தடவை எங்க வீட்டுப் பக்கம் வந்தப்போ நான் படியில உக்காந்து பட்டாணி உரிச்சிட்டிருந்தேன். என்னையே பாத்துக்கிட்டு வந்து நேரா தபால் பெட்டில விட்டான். எங்கப்பா துப்பாக்கிய எடுக்காத குறை. அப்புறம் வண்டில ஏறும்போதெல்லாம் அந்த ஒடுக்கை ஒரு தரம் தொட்டுட்டுத்தான் ஏறுவேன்."

மாடு இடித்துவிட்டது என்றுதான் லீலண்ட் வீட்டில் சொல்லியிருந்தான். ஆர்வின் அதை நாற்பத்துச் சொச்சம் வருஷம் நம்பியிருக்கிறான்.

அவள் பின்பக்கம் போனாள். பின் மட்கார்டின் ஓரத்தைக் காட்டி, "இங்க என் செருப்பு வார் உரசி உரசி உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போயிருக்கும்," என்றாள்.

அதையும் அவன் பார்த்திருக்கிறான். துரு என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டான். அன்றைக்குச் சீட்டி அடித்துக்கொண்டே தேய்த்ததுகூட ஞாபகம் வந்தது.

"கோவிச்சுக்காத," என்றாள் கொரின். "ரொம்பப் பாடுபட்டிருக்க, தெரியுது. ஆனா இது அவன் வண்டியாத் தெரியல. கடையிலேர்ந்து இப்பத்தான் எடுத்தாந்த மாதிரி இருக்கு."

அந்த மைதானத்தில் வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒன்பது குளிர்காலம் ராப்பகலாக உழைத்து, அவள் எதைப் பார்க்க இரண்டாயிரம் மைல் வந்தாளோ அதைத் தேடித் தேடி அவனே அழித்து வைத்திருக்கிறான். டெல்மார் சீஸ் தின்பதை நிறுத்திவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "மக பதினோரு மணிக்கு மைதானத்து கேட் கிட்ட வந்துருவா. சரி பொடியா, உன்னைப் பாத்ததே..."

"சத்தம் கேக்கறியா?" என்றான்.

"என்னது?"

"இன்ஜின் சத்தம். சத்தத்துல நான் கை வெக்கல. அது அப்படியே இருக்கு."

அவள் பதில் சொல்லும் முன்பே பெட்ரோலைத் திறந்துவிட்டான். சோக்கை இழுத்தான். இந்தியனில் எல்லாம் தலைகீழ். ஊரில் ஓடுகிற மற்ற வண்டிகளுக்கு ஆக்சிலேட்டர் வலது கையில் இருக்கும். இதற்கு இடது கையில். கியர் மாற்றுவது வலது கையால், டேங்க்குக்குப் பக்கத்தில் நிற்கிற நீளக் கம்பியில். பாதிப் பேர் அதைப் பிடுங்கி மாற்றிக்கொண்டுவிடுவார்கள். மாற்றினால் மார்க் போய்விடுமே என்று ஆர்வின் தொடவில்லை. சுவிட்ச் போடாமல் இரண்டு உதை, போட்டு ஒரு உதை. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

ஹார்லி போல் இடித்து முழங்குகிற சத்தம் இல்லை அது. தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல், தனக்குள் பேசிக்கொள்கிற சத்தம். கொரின் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது. மூன்று கோடைக்காலம் அந்தச் சத்தம் குன்றுக்கு அந்தப் பக்கம் கேட்டவுடனே ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தவள்.

"ஒரு ரவுண்டு போலாமா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "நாப்பது நிமிஷம் இருக்கு."

டெல்மார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "டேய் டேய் டேய்! மார்க் போடறவங்க ரெண்டு வண்டி தள்ளி நிக்கறாங்கடா! கேட்டைத் தாண்டினா சரளைக்கல் ரோடு. ஒன்பது வருஷம்டா! அரை மணி பொறுக்கக் கூடாதா?"

"அரை மணில அவ போயிருவா."

"அந்தப் பெயின்ட்டுக்கு நீ..."

"சீஸ் பைய மூடி வை. ஈ மொய்க்குது," என்றான் ஆர்வின்.

மார்க் அட்டையோடு நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, சிவப்பு வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. பின்னால் கொரின். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டுதான், சோபா மாதிரி அகலம். அவள் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சரளையில் இறங்கின உடனே முதல் கல் எகிறி மட்கார்டில் அடித்தது. டிங் என்று தெளிவாகக் கேட்டது. ஆர்வின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். நெஞ்சு பதறும் என்று நினைத்தான், பதறவில்லை. இரண்டாவது கல் அடித்தது. மூன்றாவது வரட்டும் என்று இருந்தது.

தார் ரோடு வந்தது. ஆற்றை ஒட்டிக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து போகிற ரோடு. இரண்டு பக்கமும் வெட்டிக் காயப்போட்ட புல்லின் வாசனை. இரண்டாவது கியர் போட்டான். வண்டி லேசாகக் குலுங்கியபோது அவள் கைகள் சீட்டை விட்டுவிட்டு அவன் இடுப்பைச் சுற்றி வந்து பெல்ட்டுக்கு முன்னால் கோத்துக்கொண்டன.

இதற்குத்தான் இத்தனை வருஷம். ஆர்வினுக்கு ரோடு ஒரு நிமிஷம் கலங்கித் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டிச் சரிசெய்துகொண்டு மூன்றாவது கியருக்குத் தள்ளினான். இந்த வண்டிக்கு மூன்றோடு சரி.

அவள் காதருகே குனிந்தாள். "மூணாவது போட்டாச்சா?"

"ஆச்சு."

"அப்ப வலது கைக்கு வேலை இல்ல."

உண்மைதான். ஆக்சிலேட்டர் இடது கையில். கியர் போட்டு முடித்தால் வலது கை சும்மா கிடக்க வேண்டியதுதான். அவன் கை அந்தப் பக்கத்துப் பிடியை, எந்தக் காரியமும் இல்லாமல், இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

"அவன் என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியாது," என்றாள்.

"தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

அந்தக் காலத்துப் பண்ணைக் கேட், பால் கேன்கள், சாயங்கால வெயில் எல்லாம் அப்படியே வந்து நின்றன. குன்று இறக்கத்தில் வண்டி மூன்றாவது கியருக்கு மாறுகிற சத்தம் கேட்கும். லீலண்டின் வலது கை பிடியை விட்டு இறங்கி, தன் இடுப்பில் கோத்திருக்கிற அவள் கைகளின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே இரண்டு பேரும் ஆர்வினைத் தாண்டிப் போவார்கள்.

"நம்ம பண்ணை கேட் கிட்ட நிப்பேன்," என்றான் ஆர்வின். "கேன் கழுவற மாதிரி. தினமும் பாப்பேன்."

காற்றுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ என்று இருந்தது. கேட்டிருந்தது.

"மூணு வருஷமுமா?"

"மூணு வருஷமும்."

"அப்புறம்?"

"அப்புறமுந்தான்."

சொல்லிவிட்டான். கிறிஸ்துமஸ் அட்டை நாற்பதிலும் எழுதாததை ஒரே வார்த்தையில் காற்றில் விட்டுவிட்டான். திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில் அவள் இருந்ததால்தான் வாயிலிருந்து வந்தது. இரண்டு மைல் ஓடியது. அவள் கைகளை எடுக்கவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று அந்தக் கைகளிலிருந்து படித்துவிட முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை.

பழைய பால் சொசைட்டிக் கட்டிடத்தைத் தாண்டினார்கள். அந்த இடத்தில் திரும்பினால்தான் நேரத்துக்கு மைதானம் போய்ச் சேர முடியும். அவன் திரும்பவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவன் வலது முழங்கையில் இரண்டு தடவை விரலால் தட்டினாள். ஆர்வினுக்குப் புரிந்தது. பிடியை விட்டான். கையைக் கீழே இறக்கி, அவள் கைகளின் மேல் வைத்தான். சுருக்கம் விழுந்து, குளிர்ந்து, எலும்பு தட்டுகிற கைகள். அவன் கையும் ஒன்றும் இளசு இல்லை. பால் குழாயை முறுக்கி முறுக்கிக் காய்ப்பு ஏறிய கை.

"பொடியா."

"சொல்லு."

"ஒரு தடவை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா?" குரல் உடைந்திருந்தது. "நாப்பது வருஷமா வாய் விட்டுச் சொன்னதில்ல. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். அவர் இருந்த வீட்ல அந்தப் பேரைச் சொல்ல எனக்கு மனசு வரல. தனியா இருக்கும்போது சொல்லிப் பாத்தேன், சும்மா சுவத்துகிட்டப் பேசற மாதிரி இருந்துச்சு. தப்பா நினைச்சுக்குவியா?"

தன் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் வாயால் ஒரு பெயர் வர வேண்டும் என்று எத்தனை ஆயிரம் தடவை ஆசைப்பட்டிருப்பான்! அதிகாலையில் லாரி ஓட்டும்போது, பாத்திரம் கழுவும்போது, சர்ச்சில் பாடும்போதுகூட. அந்த ஆசையில் வந்த பெயர் அவனுடையதாக இருந்தது. அவள் சொல்வது போலத் தனக்குத்தானே சொல்லியும் பார்த்திருக்கிறான். இனி அது வரப்போவதில்லை என்று, இந்த நல்ல வெயிலில், இந்த ரோட்டில் வைத்துத்தான் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வலிக்கத்தான் வலித்தது.

"சொல்லு," என்றான்.

அவள் கன்னத்தை அவன் முதுகில் சாய்த்தாள். புதுச் சட்டையின் மடிப்புக் கோடுகளின் மேல் அவள் மூச்சு சுட்டது.

"லீலண்ட்," என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வண்டி அதே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆர்வின் தன் கைக்கு அடியிலிருந்த அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ம்," என்றான்.